கரைக்கு வரும் சிறு சுறா

திண்டுக்கல் கடலைக் காணாத ஊர். மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்றால் ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் கொடைக்கானல் மலைத்தொடரும் தெரியும், கடல் தெரியாது. இராமேசுவரத்துக் கடற்கரை இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆயினும் சுறாமீன் இவ்வூருக்கு அந்நியமானதன்று. பிள்ளை பெற்ற பெண் இருக்கும் வீட்டில் பால்சுறாவை அவித்து உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் மிளகும் சேர்த்துப் புட்டாக்கிக் கொடுக்கும் வழக்கம் தமிழகமெங்கும் போல இங்கும் உண்டு. அடுப்பங்கரையில் நாம் அறிந்த அந்தச் சிறு சுறா கரைக்கு எவ்வாறு வருகிறது, உயிரோடு கையில் அகப்பட்டால் அதனை எங்ஙனம் கையாள வேண்டும் என்பவற்றை இன்று காண்போம்.

சுறா என்றதும் ஆளை விழுங்கும் பெருமீன் ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உலகில் 500-க்கும் மேற்பட்ட சுறா வகைகள் உள்ளன. அவற்றில் பல, ஒரு மீட்டர் நீளத்தைத் தாண்டாதவை. நம் கரையோரத்தில் அகப்படும் சிறு சுறாக்களை இரண்டு வகுப்பாகப் பிரிக்கலாம். ஒன்று, முழு வளர்ச்சி அடைந்தும் சிறியதாகவே இருக்கும் வகை. மற்றொன்று, பெரிய சுறாவின் குஞ்சு. தாய்ச் சுறாக்கள் பல, கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில் வந்து குட்டி போடுகின்றன. அங்கே இரை மிகுதி. குஞ்சுகளை விழுங்கும் பெரிய மீன்கள் குறைவு. ஆகவே கரையோரக் கடல் சுறாக்களுக்குத் தொட்டில் போன்றது. நம்முடைய வலையும் தூண்டிலும் எளிதில் எட்டுவதும் அந்தத் தொட்டிலைத்தான்.

கரையிலிருந்து மீன் பிடிக்கும் முறைகளுள் பழமையானது கரைவலை. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் இருத்திவிட்டு, படகில் வலையை ஏற்றிச் சென்று அரைவட்டமாகக் கடலில் இறக்கி, மறு கயிற்றைச் சற்றுத் தள்ளிக் கரை சேர்ப்பார்கள். பிறகு இரு அணிகளாக நின்று இழுப்பார்கள். வலையின் நடுவிலுள்ள மடியில் நெத்திலி, சாளை, காரல் முதலியவற்றோடு ஓரடி நீளச் சுறாக்களும் வந்து சேரும். மற்றொரு முறை தூண்டில். மத்தித் துண்டையோ கணவாயையோ இரையாகக் கோத்து எறிவார்கள். சுறாவின் பல் நரம்பை எளிதில் அறுத்துவிடுமாதலால், முள்ளுக்கு அருகே சிறிது நீளம் மெல்லிய கம்பியைக் கட்டுவது வழக்கம். மாணவர்கள் இதில் தனியே இறங்க வேண்டா. அனுபவமுள்ள மீனவர் ஒருவர் உடன் இருத்தல் அவசியம்.

இனி, அகப்பட்டது வளர்ந்ததா, குஞ்சா என்று அறிவது எப்படி? முதல் அடையாளம் வியப்பானது: சுறாவிற்குத் தொப்புள் உண்டு! பால்சுறா போன்ற வகைகளில், குட்டி தாயின் வயிற்றுக்குள் கொடியின் வழியே உணவு பெற்று வளர்கிறது. பிறந்த குட்டியின் அடிப்புறத்தில், முன்துடுப்புகள் இரண்டிற்கும் நடுவே, அக்கொடியின் வடு திறந்து காணப்படும். சில வாரங்களில் அது மூடிக்கொள்ளும். வடு திறந்திருந்தால், அம்மீன் பிறந்து அதிக நாளாகவில்லை என்று துணியலாம். இரண்டாவது அடையாளம் ஆண் மீனில் காணப்படுவது. பின்துடுப்புகளை ஒட்டி இரண்டு விரல் போன்ற உறுப்புகள் இருக்கும். அவை குறுகியும் மென்மையாகவும் இருந்தால் இளமீன். நீண்டு விறைப்பாக இருந்தால் வளர்ந்த மீன். மூன்றாவது, உருவம். தலை இருபுறமும் கொம்புபோல் விரிந்திருந்தால் அது கொம்பன் சுறா. அரை மீட்டர் நீளமுள்ள கொம்பனைக் கண்டு 'சிறிய சுறா' என்று எண்ணிவிடக் கூடாது. அது இரண்டு மீட்டருக்கு மேல் வளர வேண்டிய மீனின் பச்சிளங் குழந்தை.

குஞ்சு என்று தெரிந்தால் அதனை விட்டுவிடுவதே முறை. விடுவதிலும் ஒரு திறமை வேண்டும். அதன் காரணம் சுறாவின் உடலமைப்பில் இருக்கிறது. சுறாவின் உடலில் எலும்பே கிடையாது. நம் காது மடலில் உள்ளது போன்ற குருத்தெலும்பாலேயே அதன் கூடு அமைந்திருக்கிறது. நமக்கு இருப்பதுபோல் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்து தாங்கும் விலாக்கூடும் அதற்கு இல்லை. நீரில் இருக்கும்வரை நீரே அவற்றைத் தாங்குகிறது. வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால், உள்ளுறுப்புகள் தம் பாரத்தாலேயே சேதமடையும். வெளியே காயம் தெரியாது. கடலில் விட்டபின் மீன் இறந்துபோகும். எனவே, ஒரு கையால் வாலின் அடிப்பகுதியைப் பற்றி, மறு கையை முன்துடுப்புகளுக்குப் பின்னால் வயிற்றின் கீழ்க் கொடுத்து, படுக்கை நிலையில் ஏந்த வேண்டும். இது பிடிப்பவருக்கும் பாதுகாப்பு. வாலை மட்டும் பிடித்தால், உடல் வளையக்கூடிய சிறு சுறா சட்டென்று திரும்பி, பிடித்த கையையே கடித்துவிடும்.

செவுள் பிளவுகளுக்குள் விரலை விடக் கூடாது. அங்கேதான் அது மூச்சு வாங்குகிறது. மணலில் இழுக்கவும் கூடாது. சுறாவின் தோலில் பல்லைப் போன்ற நுண்ணிய செதில்கள் பின்னோக்கிப் படிந்திருக்கும். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழவழப்பு. எதிர்த்துத் தடவினால் உப்புத்தாள். தச்சர்கள் முற்காலத்தில் மரத்தை இழைத்து மெருகேற்றச் சுறாத்தோலைப் பயன்படுத்தியது இதனால்தான். வெறுங்கையை அது சிராய்த்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

தூண்டில் முள்ளை நீண்ட மூக்குள்ள குறட்டால் கழற்ற வேண்டும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீண்டிருக்கும் சிறு கூரை முன்னரே நசுக்கி வைத்தால், கழற்றுவது எளிது. முள்ளை விழுங்கிவிட்டிருந்தால், அதனைப் பிடுங்க முயலாமல் நரம்பை வாயருகே அறுத்துவிடுவதே நலம். கரைவலையாயின், மடி மணலுக்கு வருமுன், முழங்காலளவு நீரிலேயே குஞ்சுகளைப் பிரித்துவிடலாம். பால்சுறா போன்ற மீன்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளின் வழியே போதிய நீர் பாயும். ஆகவே தலையை வரும் அலையை நோக்கிப் பிடித்து, வால் வலுவாக அசையும்வரை தாங்கியிருந்து, பின்னர் விட வேண்டும்.

உணவுக்கென வைத்துக்கொள்ளும் மீனுக்கும் ஒரு முறை உண்டு. சுறாவின் தசையிலும் குருதியிலும் யூரியா என்னும் பொருள் மிகுந்திருக்கிறது. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அதனால் எழுவதே. உடனே குருதியை வடித்து, குடலை நீக்கி, பனிக்கட்டியில் வைத்தால் நெடி தடைப்படும். கடற்கரையிலிருந்து நெடுந்தூரம் வரும் மீனை வாங்கும் திண்டுக்கல் போன்ற உள்நாட்டு ஊரார்க்கு இவ்வறிவு பெரிதும் உதவும். நெடி வீசும் சுறா, பிடித்த இடத்திலோ வழியிலோ சரியாகப் பேணப்படாத சுறா. இன்னொன்றும் கூற வேண்டும். பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கக் கூடும் என்பதால், கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்குமாறு அமெரிக்கா போன்ற நாடுகளின் சுகாதாரத் துறைகள் அறிவுறுத்துகின்றன. வழக்கம் என்பதற்காக உண்ணுமுன் மருத்துவரைக் கேட்பது நன்று.

ஓரடிக் குஞ்சு ஒன்றுக்காக இத்தனை கவலை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். மத்தி ஒரு பருவத்தில் பல்லாயிரம் முட்டைகள் இடும். பால்சுறாவோ ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டிகள் வரையே ஈனும். வட்டியைச் செலவிடுபவன் வாழ்வான். முதலைச் செலவிடுபவன் சில ஆண்டுகளில் வறியவனாவான். மத்தியில் நாம் எடுப்பது பெரும்பாலும் வட்டி. சுறாக்குஞ்சில் எடுப்பதோ முதல். புதுச்சேரியின் பெயர் தாங்கிய ஒரு சுறா உண்டு. அறிவியலார் 1839-இல் அதனை விவரித்தனர். ஒரு மீட்டர் அளவே வளரும் கரையோர மீன் அது. உறுதியாகப் பதிவானது கடைசியாக 1979-இல். நம் கரைக்குரிய பெயரைச் சுமந்த உயிர் நம் கண்ணுக்கே அரிதாகிவிட்டது.

அரசும் வாளாவிருக்கவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டில் பெட்டிச் சட்டம்போல் ஒரு காப்பு ஏற்பட்டது: திமிங்கிலச் சுறா, புதுச்சேரிச் சுறா, வேளாமீன்கள் உள்ளிட்ட பத்து வகைகள் அதில் இடம்பெற்றன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலை விரிவாக்கியது. 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. எனினும் வலையின் மடியில் துடிக்கும் குஞ்சைப் பிரித்தெடுக்கச் சட்டப் புத்தகம் அலைக்குள் இறங்கி வராது. அங்கே இருப்பவை இரண்டு கைகள்தாம். அக்கைகள், திறந்த தொப்புளைக் கண்டால் விடவும், வயிற்றைத் தாங்கி ஏந்தவும் பழகியிருக்குமானால், நம் கடலில் சுறாவும் இருக்கும். நம் உள்ளூர்ச் சந்தைகளுக்கு அது வந்துகொண்டும் இருக்கும்.