சேனையும் சீம்பாலும்

1987-ல் திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் என் மகள் பிறந்தாள். பிறந்தது காலையில், அவள் வாயில் முதல் சொட்டு பட்டது சாயங்காலம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் இனிப்புதான் சேனை. அதை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கோபமே வராத பெரியப்பாதான் வைக்க வேண்டும் என்று அப்பத்தா ஒற்றைக்காலில் நின்றது. அவர் வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்து சேர்வதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. வந்தவர் கை கழுவினாரா என்று யாரும் பார்க்கவில்லை. சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் தடவினார். என் மகளுக்கு இன்றைக்கு வரும் கோபத்தைப் பார்த்தால், அந்தச் சேனை பலிக்கவில்லை என்றே சொல்லணும்.

எனக்கு மஞ்சளாய்ப் பிசுபிசுவென்று ஊறிய பாலைப் பழைய வேட்டித் துணியில் பிழிந்து கொட்டச் சொன்னார்கள். "கெட்ட பால், பிள்ளைக்கு ஆகாது." மூன்றாம் நாள் வெள்ளைப் பால் வரும்வரை சர்க்கரைத் தண்ணீரும் பாலாடையில் பசும்பாலும்தான். அதே வீட்டில் மாடு கன்று போட்டால் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டி, தெருவுக்கே கிண்ணத்தில் கொடுத்து அனுப்புவோம். மாட்டுச் சீம்பாலுக்கு இருந்த மரியாதை எங்கள் சீம்பாலுக்கு இல்லை. நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த அந்தப் பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து என்பதை யாரும் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் நீங்களும் கேட்டிருப்பீர்கள். வசம்பும் மாசிக்காயும் உரைத்த மருந்து, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய், குளிக்க வைத்ததும் சாம்பிராணிப் புகை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. தடுப்பூசி போட நர்ஸம்மா வருகிறார் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவர்களும் உண்டு. இன்று பிறந்த கையோடு பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி மூன்றும் ஆகிவிடுகிறது.

2022-ல் மகளுக்குப் பிரசவம். சிசேரியன். இரண்டாம் நாள் ராத்திரி பேத்தி விடாமல் அழுதாள். "பால் பத்தலை போல இருக்கே, பவுடர் பால் கொஞ்சம் கொடுக்கலாமா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். அப்பத்தாவின் குரல் என் தொண்டையில் அப்படியே இருந்திருக்கிறது. சர்க்கரைத் தண்ணீருக்குப் பதில் டப்பா, அவ்வளவுதான் வித்தியாசம்.

பணியில் இருந்த நர்ஸ் சின்னப் பெண். கோபப்படவில்லை. "பிறந்த புதுசுல வயிறு ரொம்பச் சின்னதும்மா. கொஞ்சம் சீம்பாலே ஒரு வேளைச் சாப்பாடு" என்றது. பிறகு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி வைத்தது. வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்பை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தையும் கவ்வ வைத்தது. மோவாய் மார்பில் முட்டியது. சப்புகிற சத்தம் நின்று, முழுங்குகிற சத்தம் கேட்டது. ரெண்டு பிள்ளை வளர்த்த எனக்கு அந்தச் சத்தத்தின் வித்தியாசம் அன்றைக்குத்தான் புரிந்தது.

தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள் பத்துக்கு ஏறத்தாழ ஆறுதான். நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்பதும் இதற்கு ஒரு காரணம். தாய் ஒரு அறையில், பிள்ளை ஒரு அறையில். கட்டிலும் மருந்தும் மாறிவிட்டன. "பால் பத்தலை" என்ற வார்த்தை மட்டும் மாறவில்லை.

என் பிரசவ காலத்தில் உருப்படியாக இருந்ததையும் சொல்லணும். நாற்பது நாள் நான் ஒரு குடம் தண்ணீர் தூக்கவில்லை. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் உட்கார்ந்த இடத்துக்கு வந்தன. மகளுக்குச் சென்னையில் அடுக்குமாடி வீடு. ஊரில் என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாததால் மூன்றே வாரத்தில் நான் கிளம்பிவிட்டேன். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு அவளுக்குத் துணை செல்போன்தான். ஆனால் மாப்பிள்ளை பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைப்பார், துணி மாற்றுவார். என் வீட்டுக்காரர் பிள்ளையைக் கையில் வாங்கவே ஒரு மாதம் ஆனது.

பிள்ளை பார்க்கப் போகும் பெரியவர்களே, "பால் பத்துதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பெண்களுக்குப் பயம் வந்துவிடும். கேட்டே ஆகணும் என்றால், ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைகிறது என்று கேளுங்கள். ஒரு வாரப் பிள்ளைக்கு ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்து, எடையும் ஏறினால் பால் போதும். குறைந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ வசம்பு உரைக்கும் கல்லைத் தேடாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.