'அடமன்ற்' என்பது அடமா?

ஆங்கிலத்திலே 'அடமன்ற்' என்றொரு பெயரடை உண்டு. எவ்வாற்றானும் அசைக்கவொண்ணாத உறுதியுடையவரைக் குறிப்பது. அச்சொல்லை எழுதி ஒரு மாணவனுக்கு அடி வாங்கிக் கொடுத்தவன் நான். ஆதலின் அதனைப் பற்றி எழுதும் கடமை எனக்குண்டு.

ஆசிரியத் தொழிலுக்கு நான் புதியவனாயிருந்த காலம். வகுப்பறை யன்னற் கண்ணாடியை உடைத்தவன் யாரென்று ஒரு மாணவனை வினவினோம். அவன் உடைத்தவனல்லன், உடைத்தவனை அறிந்தவன். மூன்று நாள் கேட்டும் அவன் வாய் திறந்தானில்லை. உள்ளூர அவனை மெச்சிய நான், தவணை முடிவிலே தேர்ச்சி அறிக்கையில் அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எழுதினேன். தந்தையாரோ ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்குமளவே கற்றவர். சொல்லின் முற்பாதி 'அடம்' என்று அவர் காதில் விழுந்தது. பையன் அடம்பிடிக்கிறான் என்று வாத்தியாரே எழுதிவிட்டார், பிறகென்ன, பிரம்புதான்.

அவரை நகைத்தல் தகாது. ஆங்கிலம் நன்கு கற்றோருட் பலரும் இச்சொல்லை வெறும் பிடிவாதம் என்றே வழங்குகின்றனர். ஒலியொப்புமை தற்செயலானது, பிறப்போ வேறு. கிரேக்கத்திலே 'அடமாஸ்' என்பது அடக்கப்படாதது எனப் பொருள்படும் என்பர். வடமொழித் 'தமம்' என்பதும் அடக்குதலைக் குறிக்கும் அதே வேரினது. வானதேவனை வெட்டுதற்கு நிலமகள் ஆக்கிய அரிவாள் இப்பொருளாலானது என்று ஹெசியட் பாடினார். மில்ரன் 1667இல் வெளியிட்ட காப்பியத்திலே சாத்தானைப் பிணித்த சங்கிலியும் இத்தகையதே. வைரத்தைக் குறிக்கும் 'டயமன்ற்' என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பு.

இடையிலே ஒரு வேடிக்கை நேர்ந்தது. இலத்தீனிலே 'அடமாரே' என்பது விரும்புதல். ஒலியால் இரண்டும் மயங்கவே, இடைக்காலத்தார் 'அடமன்ற்' என்பதனைக் காந்தக்கல்லுக்கும் பெயராக்கினர். ஷேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவிலே, தன்னை வெறுக்கும் காதலனை ஹெலெனா இப்பெயரால் விளிக்கின்றாள்: கல்போன்ற கடுமையும் அவனே, இழுக்கும் காந்தமும் அவனே. ஒரு சொல்லின் பிழையான வரலாற்றைக் கவிஞன் இவ்வளவு அழகாகப் பயன்படுத்தியதை வேறெங்கும் நான் கண்டிலேன்.

நம் மொழியிலும் இத்தகைய மயக்கம் உண்டு. வச்சிரத்தினின்று வந்த வயிரம் மணியையும் மரத்தின் உள்ளீட்டையும் குறிக்கும். பகையைக் குறிக்கும் வயிரமோ வேறு வேரினது. பற்றின்மையைச் சுட்டும் வைராக்கியத்தை நாம் விடாப்பிடிக்கு வழங்குவதும் இந்த ஒலியுறவினாற் போலும்!

இனி வழக்கு. மனிதருக்குரிய பெயரடையாக இது பெருவழக்குற்றது இருபதாம் நூற்றாண்டிலேதான். 1936 நவம்பரிலே பாராளுமன்றத்தில் சேர்ச்சில், அரசாங்கம் அலைந்து திரிவதிலேதான் அசையாதிருக்கிறது என்று பழித்தபோது இச்சொல்லையே ஆண்டார். அங்கே கவனிக்கவேண்டியது ஒன்று: எதிலே அசையாமை என்பதை அவர் உடன் கூறிவிட்டார். இன்றைய நல்ல ஆங்கிலத்திலும் இன்னார் இன்ன விடயத்தில் 'அடமன்ற்' ஆக நின்றார் என்று பயனிலையாக வருதலே பெரும்பான்மை. அது பிறவிக் குணத்தைக் கூறுவதன்று. ஒரு விடயத்திலே ஒருவர் எடுத்த நிலையைக் கூறுவது. நிலை நன்றாயின் புகழ், தீதாயின் பழி. தமிழிலோ மனத்திட்பம் என்றாற் புகழ், பிடிவாதம் என்றாற் பழி. நடுவே நிற்கும் சொல் அரிது.

நான் செய்த தவறு அதுவே. எதிலே உறுதி என்பதை எழுதாது, உறுதியை மாத்திரம் எழுதினேன்.

செய்தி என் செவிக்கு எட்டியபின், தந்தையாரை வீட்டிற் சென்று கண்டு, கண்ணாடிக் கதை முழுவதையும் சொன்னேன். அவருக்கு அதுவரை அது தெரியாது. மகன் அவரிடமும் சொல்லியிருக்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "இதைத் தமிழிலேயே எழுதியிருக்கலாமே, வாத்தியார்" என்றார்.