அட்வான்ஸில் எதைப் பிடிக்கலாம்?

“பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிச்சுக்கிறேன்!” வீட்டைக் காலி செய்யும்போது ஹவுஸ் ஓனர் இப்படிச் சொன்னால், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமா?

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் ஓனரின் பொறுப்பு. நாள்பட மங்கிய சுவருக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. ஆனால், உங்கள் பிள்ளை உடைத்த வாஷ்பேசின், ஆணி அடித்ததில் விரிசல் விட்ட டைல்ஸ்... இவற்றைச் சரிசெய்யும் செலவை அவர் பிடித்துக்கொள்ளலாம். மீதியை ஒரு மாதத்துக்குள் தந்துவிட வேண்டும்.

எனவே, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் பெயின்ட் செலவு யாருக்கு என்று பாருங்கள். குடிபுகும் அன்றே சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பின்னாளில் அதுவே உங்கள் சாட்சி!