தட்டு உலகத்தின் எழுத்துப் பிழைகள்

கற்பனை தேசத்து மனிதர்கள் – 14

போன வாரம் டோல்கீனின் ஷயரில் நின்றோம். தோட்டக்காரர் மகன் சாமுக்கு பில்போ எழுத்துச் சொல்லிக் கொடுத்ததையும், இதனால் கெடுதல் ஏதும் வராமல் இருக்க வேண்டுமே என்று சாமின் தகப்பனார் கவலைப்பட்டதையும் பார்த்தோம். அந்த உலகில் எழுத்து தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். கற்க உட்கார்ந்தும் எழுத்து பிடிபடாமல் திணறுகிறவர் யாரையும் நான் அங்கே சந்திக்கவில்லை. அவர்களைத் தேடித்தான் இந்த வாரம் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டுக்குப் போகிறோம்.

தட்டையான வட்ட உலகம் அது. நான்கு யானைகள் முதுகில் தாங்க, அந்த யானைகளை ஒரு பெரிய ஆமை சுமந்துகொண்டு விண்வெளியில் நீந்துகிறது. நம் புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. 1983இல் தொடங்கி 2015 வரை 41 நாவல்கள். அவற்றில் மனிதர்கள், குள்ளர்கள், டிரோல்கள், களிமண் கோலம்கள், ஆறு அங்குல உயரத்து நீலநிற ஃபீகிள்கள் என்று பல இனத்தார் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். எழுத்தை ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது.

குள்ளர்களுக்கு எழுத்து தெய்வம். அவர்கள் கடவுளான டாக் முதலில் தன்னையே எழுதினான், பிறகு சட்டங்களை எழுதினான், பிறகு உலகத்தை எழுதினான் என்பது அவர்களுடைய படைப்புக் கதை. அப்படிப்பட்ட குள்ளர்கள் எடுத்து வளர்த்த மனிதப் பிள்ளை கேரட். அங்க்-மோர்போர்க் நகரக் காவல்படையில் சேர்ந்த அவன், வீட்டுக்கு ஒழுங்காகக் கடிதம் போடுகிறான். அந்தக் கடிதங்களில் காற்புள்ளிகள் கண்ட இடத்தில் விழுந்து கிடக்கும். எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். ஆனால் நகரச் சட்டப் புத்தகத்தை வரி வரியாகப் படித்து மனதில் வைத்திருக்கிறவனும் அவனே. படிப்பதில் கெட்டிக்காரன், எழுதினால் பிழை. இவை ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம் என்பதைப் பல பள்ளிகள் இன்னும் நம்ப மறுக்கின்றன. அவன் ஒரு வார்த்தை சொன்னால் நகரமே கேட்கிறது. அவன் காற்புள்ளியை வைத்து அவனை எடைபோட அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

லாங்கர் மலை நாட்டுக்கு ஏறினால் கிரானி வெதர்வாக்ஸ். அந்தப் பகுதியில் அவரைவிட வலிய சூனியக்காரி இல்லை. தன் மனதை ஒரு பறவைக்குள்ளோ விலங்குக்குள்ளோ அனுப்பிவிட்டு, உடல் சில்லிட்டுப் படுக்கையில் கிடப்பார். வருகிறவர்கள் பிணம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, தான் சாகவில்லை என்பதை ஓர் அட்டையில் எழுதிக் கையில் பிடித்துக்கொள்வார். மூன்றே சொல். அதில் ஒன்று தப்பு, அதற்குள் இருக்கும் மேற்குறியும் தப்பான இடத்தில். அவருடைய தோழி நானி ஆக் இன்னும் தாராளம். பனானா என்று எழுத ஆரம்பித்தால் ‘னா’ போட்டுக்கொண்டே போவார். இந்த இருவரோடும் சுற்றுகிற இளையவள் மாக்ராட், புத்தகங்களாக வாங்கிக் குவித்துப் படிப்பவள். ஆனால் ஒரு வீட்டில் பிரசவம் சிக்கலானாலோ, யாருக்காவது சாவு நெருங்கினாலோ, ஊர் தேடிப் போவது கிரானியின் கதவைத்தான். வந்தவர்கள் யாரும் அட்டையில் உள்ள பிழையைத் திருத்தியதில்லை.

இதைப் படித்துவிட்டு, பிராட்செட் எழுத்தறிவை மட்டம் தட்டுகிறார் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குக் கோலம்களைக் காட்ட வேண்டும். 1996இல் வந்த ‘ஃபீட் ஆஃப் கிளே’ நாவலில் வருகிற களிமண் மனிதர்கள் இவர்கள். மண்டைக்குள் வைத்திருக்கும் ஒரு துண்டுத் தாளின் சொற்களால் இயங்குகிறார்கள். வாய் பேச முடியாது. சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்கள், தெளிவாக, ஒழுங்காக. இருந்தும் நகரம் அவர்களை மேசை நாற்காலி போல வாங்குகிறது, விற்கிறது. நன்றாக எழுதத் தெரிந்தால் மரியாதை தானாக வரும் என்ற நம் எண்ணம் அங்கே உடைகிறது. கேரட் என்ன செய்கிறான் தெரியுமா? டோர்ஃப்ல் என்ற கோலத்தைக் காசு கொடுத்து வாங்கி, வாங்கிய ரசீதை அதன் மண்டைக்குள்ளேயே வைத்துவிடுகிறான். அந்தக் கணத்திலிருந்து டோர்ஃப்லுக்கு டோர்ஃப்லே சொந்தக்காரன். எழுத்தின் வலிமையை இவ்வளவு அழகாகச் சொன்ன காட்சி மிகைப்புனைவு இலக்கியத்தில் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர் டிரோல் இனத்து டெட்ரிட்டஸ். டிரோல்கள் கல்லால் ஆனவர்கள். ‘ஒன்று, இரண்டு, பல, நிறைய’ என்பதற்கு மேல் எண்ணத் தெரியாத மண்டுகள் என்று நகரம் அவர்களைக் கேலி செய்கிறது. 1993இல் வந்த ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் பிராட்செட் ஓர் அடிக்குறிப்பு போட்டு அந்தக் கேலியை நொறுக்குகிறார். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு அடுத்து வரும் ‘பல’ என்பது அவர்களுக்கு நான்கு. பிறகு பல-ஒன்று, பல-இரண்டு, பல-மூன்று. பல-பல என்றால் எட்டு. இப்படியே ஏறிப் பதினாறுக்கு வரும்போதுதான் ‘நிறைய’. அது ஒரு முழுமையான கணக்கு முறை. கேட்கிறவர்களுக்குத்தான் புரியவில்லை.

அதோடு விடவில்லை. டிரோல் மூளை சிலிக்கானால் ஆனது, சூட்டில் மந்தமாகும். குளிர்ந்த மலையில் வாழப் பிறந்தவர்கள் புழுக்கமான நகரத்துக்கு வேலை தேடி வந்தால் என்ன ஆகும்? டெட்ரிட்டஸ் ஒருமுறை உறைகுளிர்க் கிடங்கு ஒன்றில் மாட்டிக்கொள்கிறான். உடல் உறைய உறைய மூளை வேகமெடுக்கிறது. சுவரெல்லாம் உயர்கணிதம் எழுதித் தள்ளுகிறான். அவனைக் காப்பாற்றுகிற கூட்டாளி கடி ஒரு குள்ளன், அதாவது பரம்பரைப் பகையாளி. அவனுக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்க மெனக்கெட்டவனும் இந்தக் கடிதான். பிறகு விசை முடுக்கினால் விசிறி சுற்றி மண்டையைக் குளிர வைக்கும் தலைக்கவசம் ஒன்றை நண்பனுக்குச் செய்து கொடுக்கிறான். ஊர் முழுக்க டெட்ரிட்டஸின் மூளையில் குறை தேடியது. கடி ஒருவன்தான் ஊரின் வெப்பத்தைக் கவனித்தான்.

எழுத்தைக் கண்டு நடுங்குகிறவர்களும் உண்டு. 2003இல் வந்த ‘தி வீ ஃப்ரீ மென்’ நாவலின் நாக் மாக் ஃபீகிள்கள் சண்டைக்கும் திருட்டுக்கும் அஞ்சாதவர்கள். வக்கீலையும் எழுதப்பட்ட தாளையும் கண்டால் அலறுவார்கள். பெயரை ஒருமுறை எழுதிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு சட்டம் வந்துவிடும் என்பது அவர்கள் பயம். அறியாமை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். தாளுக்கு அஞ்சியவர்கள் பலருக்கு அஞ்சக் காரணம் இருந்தது.

அடுத்த ஆண்டே வந்த ‘எ ஹேட் ஃபுல் ஆஃப் ஸ்கை’யில் ஃபீகிள் தலைவன் ராப் எனிபடிக்குக் கல்யாணமாகிவிடுகிறது. மனைவி ஜீனிக்குப் படிக்க, எழுதத் தெரியும். நீயும் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்கிறாள். எந்த எதிரியையும் தலையால் முட்டி வீழ்த்துகிறவன் தன் பெயரை எழுதத் தடுமாறுகிறான், சுற்றி நிற்கும் சகோதரர்கள் கலங்கிப்போய்ப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு நெருக்கடியில், தன்னிடம் ‘பிளான்’ இருப்பதாகக் காட்ட அந்தச் சொல்லை எழுதுகிறான். உயிரெழுத்து விட்டுப் போய்விடுகிறது, மூன்று மெய்யெழுத்துகள்தான் நிற்கின்றன. ஜீனி அவனை மட்டம் தட்டவில்லை. வீரனான உனக்கு எழுத்து எதற்கு என்று விட்டுக்கொடுக்கவும் இல்லை.

இந்த இடத்தில் பிராட்செட்டை ரிக் ரியோர்டனோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ரியோர்டன் 2005இல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் கதைகள் டிஸ்லெக்சியா என்னும் எழுத்துத் தடுமாற்றம் உள்ள பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். தன் மகனுக்கு டிஸ்லெக்சியா இருந்ததால் அவர் கட்டிய கதை அது. பெர்சிக்கு ஆங்கில எழுத்துகள் மிதந்து ஓடுவது ஏனென்றால், அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்தது, அவன் கடவுளின் பிள்ளை. ஒரு தகப்பன் படுக்கை நேரத்தில் சொல்லத் தக்க அருமையான பதில்தான். ஆனால் எழுத்துத் தடுமாற்றம் இருக்கிறது, அதற்கு ஈடாக ஒளிந்திருக்கும் அபூர்வத் திறமை எதுவும் இல்லை என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? ராப் எனிபடிக்கு அப்படி ஒரு ரகசிய வரம் கிடையாது. மெதுவாகக் கற்கிறான், பிழையோடு எழுதுகிறான், அவன் மதிப்பு குறையவில்லை. எனக்கு இந்தப் பதில்தான் பெரிதாகப் படுகிறது.

இது பிராட்செட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர் வாழ்க்கையில் தடயம் இருக்கிறது. 1948இல் இங்கிலாந்தின் பீகன்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். ஆறு வயதிலேயே பிள்ளைகளைத் தேறுவார்கள், தேறமாட்டார்கள் என்று பிரித்துவிடுகிற பள்ளியில் படித்தார். தேறமாட்டார் பட்டியலில் இருந்தார். அம்மா விடவில்லை. ஒரு பக்கம் ஒழுங்காகப் படித்தால் ஒரு பென்னி என்று காசு கொடுத்துப் படிக்க வைத்தார். ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ கையில் கிடைத்த பிறகு காசு தேவைப்படவில்லை. ஊர்ப் பொது நூலகம்தான் தன் கல்வி என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

2007 டிசம்பரில், தனக்கு அல்சைமர் நோயின் அபூர்வ வகை வந்திருப்பதாக அவரே அறிவித்தார். அப்போது வயது 59. மூளையின் பின்பகுதியைத் தாக்கும் நோய் அது. கண் நன்றாக இருக்கும், பார்ப்பதை மூளை அடையாளம் காணாது. பேச்சும் சிந்தனையும் கூர்மையாக இருக்க, விசைப்பலகையில் எழுத்து எங்கே என்று தெரியாமல் போனது. அவர் நிறுத்தவில்லை. உதவியாளர் ராப் வில்கின்ஸிடமும், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளிடமும் வாயால் சொல்லிச் சொல்லி நாவல்களை முடித்தார். 2015 மார்ச்சில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வெளியான கடைசி நாவல் ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரௌன்’. டெட்ரிட்டஸுக்குத் தலைக்கவசம் கொடுத்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், படைத்தவருக்கே அப்படி ஒன்று தேவைப்பட்டது. கிடைத்தது. அதனால்தான் நமக்கு அந்தப் புத்தகங்கள் கிடைத்தன.

உங்கள் வீட்டில் எழுத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை இருந்தால் ‘தி வீ ஃப்ரீ மென்’னில் தொடங்கி, நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஃபீகிள்களின் ஸ்காட்லாந்துப் பேச்சு கண்ணால் படிக்கக் கடினம், காதால் கேட்டால் பிடிபட்டுவிடும். இன்னொன்றும் செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. உரிய சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தரும் ஆளும் கேட்டுப் பெறலாம். தயங்காமல் பள்ளியில் போய்க் கேளுங்கள். பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த ஆண்டே தொடங்குங்கள்.

(தொடரும்)