படத்தில் முகம் இருள்வது ஏன்?

பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்தபின் ஆண்டு மலருக்குப் படம் தெரிந்தெடுக்கும் வேலை பெரும்பாலும் தமிழாசிரியர் தலையில்தான் விழுகிறது. உயரம் தாண்டும் மாணவனைத் தொடர்ந்து எடுத்த இருபது படங்கள் இருக்கும். அவன் கோலைக் கடக்கும் அந்த நொடியும் அவற்றுள் அகப்பட்டிருக்கும். பின்னால் வானம் அழகாக இருக்கும். முகம் மட்டும் இருண்டு கிடக்கும். இருபதிலும் இருண்டு கிடக்கும். வெயிலின் குற்றம் என்பார் சிலர். பிள்ளையின் நிறம் அப்படி என்று வாய் கூசாமற் சொல்வாரும் உளர். இரண்டும் அன்று. குற்றம் படக்கருவி போடும் கணக்கில் இருக்கிறது. அதைத் திருத்தும் வழியும் அக்கருவியிலேயே இருக்கிறது.

கருவி முதன்மையாக அளப்பது ஒளியை. காட்சி முழுவதன் ஒளியையும் சராசரி கண்டு, அச்சராசரி வெண்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறமாக வருமாறு படத்தை அமைத்துக்கொள்ளும். ஒளிப்படக் கலைஞர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவது. ஏறத்தாழ அந்த நிறத்தை மனத்திற் கொள்க. வெண்சுவரை மட்டும் படமெடுத்தால் சாம்பற் சுவர் வரும். கரும்பலகையை மட்டும் எடுத்தாலும் சாம்பற் பலகையே வரும்! ஒளிமிக்க வானம் படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்போது, ஒளி மிகுதி என்று கொண்டு கருவி அதைக் குறைக்கிறது. வானம் அடங்குகிறது, அதனோடு முகமும் அடங்கிவிடுகிறது. வெள்ளைச் சட்டையில் அணிவகுத்து நிற்கும் மாணவரை எடுக்கும்போதும் இதே கதைதான். கரிய முகம் திருப்பி அனுப்பும் ஒளி இயல்பாகவே குறைவு. ஆதலின் இழப்பு அதற்கே பெரிது. புதிய கருவிகள் முகத்தைக் கண்டறிந்து அளக்க முயல்கின்றன என்பது உண்மை. எப்போதும் வெல்வதில்லை.

கரிய முகத்தை மறந்து கணக்குப் போடும் வழக்கம் புதியதும் அன்று. வண்ணச் சுருள் காலத்தில், அச்சிடும் நிறங்களைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. ‘ஷர்லி அட்டை’ என்பது அதன் பெயர். பல நிறத்துப் பெண்களும் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

இனித் திருத்தும் வழியைப் பார்ப்போம். கருவியில் கூட்டற் குறியும் கழித்தற் குறியும் சேர்ந்த ஒரு பொத்தானோ திருகோ இருக்கும். கையேடுகள் ‘எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்’ என்று கூறும் இதனை ‘ஒளி ஈடு’ என்று சொல்லலாம். (அடகு வைப்பதற்கும் ஈடு என்றுதானே பெயர் என்று குறும்பர் கேட்கலாம், கேட்கட்டும்.) கூட்டல் 1 என்று வைத்தால் ஒளி இருமடங்காகும், கூட்டல் 2 என்றால் நான்கு மடங்கு, கழித்தல் 1 என்றால் பாதி. இடையில் மூன்றில் ஒரு பங்காகவும் நகர்த்தலாம். வானத்தைப் பின்னே வைத்து எடுக்கையில் கூட்டல் 1 முதல் 2 வரை வேண்டியிருக்கும். வெள்ளைச் சீருடைக்குக் கூட்டல் 1 அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. கருந்திரைக்கு முன் விளக்கொளியில் ஆடும் சிறுமிக்கோ நேர்மாறாகக் கழித்தல் வேண்டும். இன்றேல் கருவி திரையை வெளுக்கப் போய் அவள் முகத்தையும் வெளுத்துவிடும். முற்றும் வெளுத்த இடத்தில் பின்னர் எந்த நுணுக்கத்தையும் மீட்க இயலாது என்பதும் நினைவிருக்கட்டும். ஆயினும், வானமா முகமா என்று வரும்போது வானம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்பதே எம் கருத்து.

இப்பொழுது தொடர் எடுப்பு. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் நொடிக்கு ஐந்தோ பத்தோ இருபதோ படம் விழும் இவ்வசதிக்கு மூதாதை ஒன்றுண்டு. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கு விடை காண, 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்டு மைபிரிட்ஜ் பன்னிரண்டு படக்கருவிகளை வரிசையாக நிறுத்தினார். எழுகின்றன என்று தெரிந்தது; அதுவும் கால்கள் வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும்போது! அப்படங்களில் வெண்மையான பின்னணியில் குதிரை ஏறக்குறைய கரு நிழலாகவே தெரியும். குளம்பைப் பற்றிய கேள்விக்கு அது போதும். மாணவன் முகத்துக்குப் போதாது.

தொடர் எடுப்பு நொடியைப் பிடிக்கும், ஒளியைத் திருத்தாது. அசைவால் வரும் மங்கலையும் அது நீக்காது. நொடிக்கு 6 மீட்டர் ஓடும் சிறுவனை நொடிக்குப் பத்துப் படம் வீதம் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவன் 60 சென்டிமீட்டர் கடந்திருப்பான். ஒவ்வொரு படத்திலும் அவன் எவ்வளவு தெளிவாக இருப்பான் என்பது ‘ஷட்டர்’ எனும் ஒளிக்கதவு திறந்திருக்கும் நேரத்தைப் பொறுத்தது. அறுபதில் ஒரு நொடியில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். ஆயிரத்தில் ஒரு நொடியில் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியே. ஈட்டைக் கூட்டும்போது சில அமைப்புகளில் இக்கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கும் என்பதால் அந்த எண்ணையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, போட்டி தொடங்குமுன் அதே இடத்தில் யாரையேனும் நிறுத்தி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முகம் இருண்டிருந்தால் ஈட்டைக் கூட்டி மறுபடி எடுங்கள். சரியானபின் தொடர் எடுப்புக்குச் செல்லுங்கள். அதையும் நெடுநேரம் அழுத்த வேண்டா. கருவியின் இடைநினைவகம் நிரம்பிவிட்டால் வேகம் தளர்ந்துவிடும், கோலைக் கடக்கும் நொடி அப்போது பார்த்துத்தான் வரும். கைப்பேசி மட்டுமே உடையவர்க்கும் வழியுண்டு: பலவற்றில் திரையிலுள்ள முகத்தைத் தொட்டால் சிறு சூரியக் குறி தோன்றும்; அதை மேலே நகர்த்தினால் முகம் தெளியும்.

விழா முடிந்ததும் அளவைச் சுழிக்குத் திருப்பிவிடுக. கருவியை அணைத்தாலும் பழைய ஈட்டை மறவாத கருவிகள் பல; மறுநாள் வகுப்பறையில் எடுக்கும் படமெல்லாம் வெளுத்துப்போகும்.