டயரின் பக்கச் சுவர் கூறும் கணக்கு

புதிதாக வண்டி வாங்குவோர் அதன் நிறத்தையும் இருக்கைகளையும் நுணுகிப் பார்க்கின்றனர். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று பலமுறை வினவுகின்றனர். ஆயினும், அவ்வண்டியில் தரையைத் தொடுகின்ற பொருள் டயர் ஒன்றுதான். அதன் பக்கச் சுவரில் அச்சிடப்பட்டிருக்கும் எண்களையும் எழுத்துகளையும் ஒருமுறையேனும் படித்துப் பார்த்தவர் நம்மிடையே எத்தனை பேர்?

நம் சாலைகளில் பரவலாகக் காணப்படும் ஏழு இருக்கைக் குடும்ப வண்டி ஒன்றின் டயரை எடுத்துக்கொள்வோம். 185/65 ஆர் 15 88 எச் என்று அதில் இருக்கும். எழுத்துகள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். அதாவது சுவர் சுமார் 120 மில்லிமீட்டர் உயரம். ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பைக் காட்டும். 15 என்பது ரிம்மின் விட்டம், இதுவோ அங்குலத்தில்! ஒரே வரியில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்து நிற்பதால்தான் பலர் அதைப் படிக்காமலே விட்டுவிடுகின்றனர் போலும்.

அளவு பொருந்தினால் போதும் என்று கடையை விட்டு வெளியேறுவோர், கடைசியில் நிற்கும் 88-ஐயும் எச் என்னும் எழுத்தையும் கவனிப்பதில்லை. உயிருக்குக் காவலானவை இவ்விரண்டுமே. 88 என்றால் 88 கிலோ என்று பொருளன்று. அது ஓர் அட்டவணையின் வரிசை எண். அவ்வட்டவணைப்படி 80 என்பது 450 கிலோவையும், 88 என்பது 560 கிலோவையும், 91 என்பது 615 கிலோவையும் ஒரு டயர் தாங்கும் என்று கூறும். நான்கு டயர்களும் சேர்ந்தால் 2,240 கிலோ. வெறும் வண்டி 1,200 கிலோ என்றும், பெரியவர்கள் எழுவர் 455 கிலோ என்றும், பெட்டி படுக்கை 100 கிலோ என்றும் வைத்தாலும் தாராளமாக இடமிருப்பதாகத் தோன்றும்.

ஆனால் சுமை நான்கு சக்கரங்களிலும் சமமாக அமர்வதில்லை. திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ புறப்படும்போது பின்னிருக்கையில் மூவருக்குப் பதில் ஐவர் நெருங்கி அமர்கின்றனர். அரிசி மூட்டையும் பாத்திரங்களும் அவர்கள் முதுகுக்குப் பின்னே. எஞ்சியவை கூரை மேலே. பின் டயர்கள் இரண்டும் தம் பங்கிற்கு மேல் சுமக்கின்றன. மேலும், அந்த 560 கிலோ என்னும் வாக்குறுதி, உள்ளே போதிய காற்று இருக்கும்வரையில்தான் செல்லும். சுமையைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்றே. பெரிய டயரை மாட்டிவிட்டால் அதிகம் ஏற்றலாம் என்பதும் தவறு. அச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் பழையனவே, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை வரம்பு டயரை மாற்றுவதால் உயராது.

இனி எச். அது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை என்பதைக் குறிக்கும். எஸ் 180, டி 190, யு 200, வி 240. எச் மட்டும் அகரவரிசை தவறி யு-வுக்கும் வி-க்கும் நடுவே அமர்ந்திருப்பது வேடிக்கை. “நாம் 210-இல் போகப் போவதில்லையே, மலிவானதைப் போட்டால் என்ன?” என்று கேட்கலாம். இவ்வெழுத்து உண்மையில் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலின் அளவு. மேலே கண்ட டயர் ஒருமுறை உருண்டால் ஏறத்தாழ 1.95 மீட்டர் செல்கிறது. 80 கிலோமீட்டர் விரைவில் வினாடிக்குப் பதினொரு முறைக்கு மேல் சுழல்கிறது; ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச் சுவர் வளைந்து நிமிர்கிறது. காற்று குறைந்தால் வளைவு மிகும். சுமை கூடினால் மேலும் மிகும். வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையும் சேர்ந்துகொண்டால் உள்ளடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும்.

இது அச்சுறுத்துவதற்காகக் கூறுவதன்று. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டிருந்தவை. ஓடும்போதே டயரின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. இறந்தோர் தொகையை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 271 என்று கணக்கிட்டது. வெப்பம் மிகுந்த தென்மாநிலங்களிலேயே விபத்துகள் அதிகம். வண்டி நிறுவனம் டயரைக் குறை கூறியது. டயர் நிறுவனமோ, வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்ட 26 பவுண்டு காற்று போதாது என்றது. வழக்கு எப்படியிருப்பினும், அதன் விளைவாக இயற்றப்பட்ட சட்டத்தால், காற்றுக் குறைவை ஓட்டுநருக்கு அறிவிக்கும் கருவி 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டின் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமாயிற்று.

நம்மிடம் அக்கருவி இல்லாவிடினும் பெரிய இழப்பில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில், ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு காற்று, நிறைந்திருக்கும்போது எவ்வளவு என்று எழுதியிருக்கும். பல வண்டிகளில் பின் டயருக்கு வேறு அளவு உண்டு. டயரின் மீது காணப்படும் உச்ச அழுத்தம் நாம் அடைக்க வேண்டிய அளவன்று, மீறக்கூடாத எல்லை. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சோதிக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிய பின் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது பெருந்தவறு.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்போர் இன்னும் ஓர் எண்ணைத் தேட வேண்டும். நீள்வட்டத்திற்குள் 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளங்கள் ஆழமாக இருப்பினும் ரப்பர் முதுமையடைந்து வெடிக்கும். பத்தாண்டைக் கடந்ததைப் பயன்படுத்த வேண்டாம் என்பது பல தயாரிப்பாளர்களின் அறிவுரை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கார் டயரை மாற்றியாக வேண்டும். பள்ளங்களின் நடுவே குறுக்காக உள்ள சிறு மேடு தேய்ந்த பரப்போடு சமமாகிவிட்டதா என்று பார்த்தாலே இது விளங்கும்.

ஸ்டெப்னியையும் மறத்தலாகாது. அச்சொல், 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் உதிரிச் சக்கரம் செய்து விற்றவர்களால் வழங்கலாயிற்று. இன்றைய கார்கள் பலவற்றில் அது மற்ற நான்கையும்விட ஒடுங்கியதாக இருக்கும். அதன்மீது 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்று எழுதியிருக்கும். பஞ்சர் கடை வரையில் போய்ச் சேரவே அது.