சிலம்பம் ஆடும் பிள்ளையின் சுளுக்கிய கால்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கிராமங்களில் சாயங்காலமானால் பொட்டலிலும் களத்துமேட்டிலும் பிள்ளைகள் கம்பு சுற்றுவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் திருவிழா நாட்களில் அதிகமாய்க் காணப்பட்ட சிலம்பம் இப்போது முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் இடம்பெற்றிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகவும் சேர்க்கப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு போட்டிச் சான்றிதழ் பெரிய காரியம். ஆகையால் கால் சுளுக்கினாலும் வலியை மறைத்துக்கொண்டு மறுநாளே களத்தில் இறங்குகிறார்கள். கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாம் கரண்டைக்கால் என்று சொல்லும் மூட்டுக்கு நம் வேதாகமத்தில் 'கரடு' என்ற சொல் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 3-ம் அதிகாரத்தில் அதை வாசிக்கலாம். இந்த மூட்டின் வெளிப்பக்கத்தை மூன்று தசைநார்கள் பிடித்திருக்கின்றன. சிலம்பக்காரன் வெறுங்காலோடு, முன்பாதத்தை ஊன்றித் திரும்புகிறான். கண் எதிராளியின் கம்பின்மேல் இருக்கிறது. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் தரையிலோ, ஒரு கல்லின் மேலோ கால் பட்டால், பாதம் உட்பக்கமாய் மடங்கிவிடும். அப்போது வெளிப்பக்கத்து நார் இழுபடும், அல்லது கிழியும். முன்புற நாரே பெரும்பாலும் முதலில் அடிபடுகிறது. இதுவே சுளுக்கு.

உடனே என்ன செய்வது? ஆட்டத்தை நிறுத்துங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கிடைக்காவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். இது வலியைத் தணிக்கும். விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கி கிரேப் பாண்டேஜ் சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலமானாலோ உடனே தளர்த்துங்கள். படுக்கும்போது காலைத் தலையணையின்மேல் உயர்த்தி வையுங்கள்.

நம் ஊரில் சுளுக்கு வழிப்பவர்கள் உண்டு. உப்பும் புளியும் காய்ச்சிப் பற்றுப் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய நல்ல மனதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் முதல் சில நாட்களில் அழுத்தி வழிப்பதும், சுடச்சுடப் பற்றுப் போடுவதும் வீக்கத்தைக் கூட்டும். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் வழிப்பது பெரிய ஆபத்து.

முறிவா, சுளுக்கா என்று அறிய மருத்துவர்கள் ஓர் எளிய முறையைக் கையாளுகிறார்கள். 1992-ல் கனடா நாட்டின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் அதை வெளியிட்டார்கள். அடிபட்டவுடனும், மருத்துவமனைக்கு வந்தபின்னும் நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? கரண்டை எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ, நடுப்பாதத்தின் உட்பக்க எலும்பிலோ, சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் இடத்திலோ தொட்டால் வலிக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித்தட்டு அடிபடக்கூடும். ஆகையால் அவர்களை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

முறிவு இல்லையென்றால் மாதக்கணக்கில் படுத்திருக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று நாள் சென்றபின், வலி பொறுக்கும் அளவுக்கு மெதுவாய் நடக்கலாம். லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும். நார் பாதி கிழிந்திருந்தால் ஆறு வாரம்வரை செல்லும். முழுவதும் அறுந்திருந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

வலி போய்விட்டால் கால் குணமாகிவிட்டது என்று அநேகர் எண்ணுகிறார்கள். தசைநாருக்குள் இருக்கும் நுண்ணிய நரம்புகள், பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கின்றன. நார் கிழியும்போது அந்த உணர்வும் மங்கிப்போகிறது. ஆகையால்தான் ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடியும் மறுபடியும் சுளுக்குகிறது. இதற்கு மருந்து பயிற்சியே. பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒற்றைக்காலில் அரை நிமிடம் நில்லுங்கள்; பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். காசு செலவில்லாத இந்தப் பயிற்சிகளைத் தினமும் சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

களத்துக்குத் திரும்புவதும் படிப்படியாய் இருக்க வேண்டும். முதலில் உட்கார்ந்தோ, நின்ற இடத்திலோ கம்பு வீசலாம்; தோளும் மணிக்கட்டும் பழக்கம் மறவாது. பிறகு கம்பில்லாமல் காலடி வரிசை, மெதுவாய். அதன்பின் கம்போடு காலடி. எதிராளியோடு ஆடுவது கடைசியில். அடிபட்ட காலால் வலியின்றித் தத்தி, மற்றக் காலைப் போலவே நிற்க முடிந்தால் மட்டுமே அதற்கு இடங்கொடுக்க வேண்டும். ஆடும் தரையில் கல் பொறுக்கி, வெடிப்புகளை மண்ணிட்டு மூடுவதும் வைத்தியத்தின் ஒரு பங்கே.

பிரியமானவர்களே, உங்கள் சபையிலும் தெருவிலும் கம்பு சுற்றும் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களுடைய ஆசானிடமும் பெற்றோரிடமும் இதை வாசித்துக் காட்டுங்கள். ஒரு போட்டி போனால் அடுத்த வருஷம் இன்னொன்று வரும். ஆனால் நாளைக்குத் தறி மிதிக்கவும், காட்டு வேலைக்கு நடக்கவும் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கால் வேண்டும். 'கொஞ்சம் பொறு தம்பி' என்று சொல்ல ஒரு பெரியவர் அருகில் இருந்தால், அதுவே அந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவியாய் இருக்கும்.